தேய்மானம்

பி.காம்.மில் தேய்மானம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். துப்பாக்கிக்கும் அது உண்டாம்!

அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் செல்லப்பிள்ளை, 1906-ல் பிறந்த 'தேர்ட்டி-ஆட்-சிக்ஸ்' தோட்டா. சுடச்சுட, அதன் சூடான வாயு குழலின் தொண்டையை அரித்துவிடும். அப்புறம் குறி தப்பும். மான் காயத்தோடு ஓடிச் சித்திரவதைப்படும்.

புதுக் குழலா? அதே தோட்டாவுக்கே வாங்கணும். உள்ளே சுருள் காடி, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளம் 22 அங்குலமா, 24-ஆ? நீண்டால் தோட்டா வேகம் கொஞ்சம் கூடும். மலையேறும்போது தோள்வலியும் கூடும்.

கூலியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது சார். பொருத்துவது கைதேர்ந்தவர் வேலை. தோட்டா உட்காரும் இடத்தில் இடைவெளி கூடினால், பித்தளை உறை பிளந்து வாயு சுடுகிறவர் முகத்துக்கே திரும்பலாம்.

குழலுக்குத் தேய்மானம் எழுதலாம். முகத்துக்கு?