பெற்றோல் குடித்த எஞ்சின்

ஏறாவூரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில் தொழில் பார்க்கிறார். வீட்டில் நிற்பது ஒரு பழைய டட்சன் சன்னி. மாமியைக் கிளினிக்குக்குக் கொண்டு போகிற நாளில்தான் அது அடம்பிடிக்கிறதாம். "சாவியைத் திருப்பினால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றுகிறதில்லை. எக்ஸிலேட்டரை எத்தனை தரம் மிதித்தாலும் பயனில்லை. பெற்றோல் மணம்தான் வருகிறது. பற்றரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் சகோதரி, காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது என்றால் பற்றரியில் உயிர் இருக்கிறது. பெற்றோல் மணக்கிறது என்றால் பெற்றோலும் வந்து சேர்ந்துவிட்டது, தேவைக்கு மேலாகவே வந்துவிட்டது. உங்கள் காருக்கு வேண்டியது காற்று.

ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் கூடுதலாகப் பெற்றோல் தேவைப்படும். அதற்குத்தான் சோக் இருக்கிறது. அதை இழுத்தால் காற்றின் வழி ஒடுங்கி, பெற்றோல் கூடும். அது போதாதென்று, உங்கள் காரின் காபரேட்டருக்குள் ஒரு சின்னப் பம்பும் உண்டு. எக்ஸிலேட்டரை ஒவ்வொரு தரம் மிதிக்கும்போதும் அது ஒரு பீச்சு பெற்றோலை உள்ளே அடிக்கும். (மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பம்பு இல்லை. அவர்கள் சோக்கை இழுத்தபடியே மறந்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்வார்கள்.) பத்துத் தரம் மிதித்தால் பிளக் முனைகள் பெற்றோலில் குளித்துவிடும். நனைந்த பிளக்கில் தீப்பொறி ஒழுங்காகப் பாயாது. பற்றவில்லையே என்று நாம் மறுபடியும் மிதிப்போம், அது இன்னும் நனையும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2010ஆம் ஆண்டு மாரி காலம். காத்தான்குடியில் எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்குத் தங்கைக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. மழையில் ஒரு ஆட்டோவும் கிடைக்கவில்லை. கல்லடியில் புதுப் பாலம் 2013இல்தான் திறந்தார்கள். அன்றைக்கு அந்த ஒடுங்கிய பழைய இரும்புப் பாலத்தால்தான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வாப்பாவின் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். பற்றவில்லை. பதற்றத்தில் சோக்கை முழுக்க இழுத்து மிதி மிதி என்று மிதித்தேன். பின் சீற்றில் தங்கை முனகுகிறாள். உம்மா, "மகன், என்னவாம், என்னவாம்?" என்று கேட்டபடி இருக்கிறா. பற்றரியும் மெல்ல இளைக்கத் தொடங்கிவிட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் காக்கா குடையோடு வந்தார். வாவியில் தோணி ஓட்டுகிறவர். கார் ஓட்டத் தெரியாது, ஆனால் வெளியிணைப்பு மோட்டாரோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவர். மூக்கை நீட்டி ஒருதரம் மணந்து பார்த்தார். "தம்பி, காலை எடுங்க. அது குடிச்சது காணும். சும்மா விடுங்க கொஞ்ச நேரம்" என்றார்.

பத்து நிமிடம் சும்மா இருந்தோம். தங்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு கையைக் கட்டியிருந்த அந்தப் பத்து நிமிடத்தைப் போல நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. பிறகு அவர் சொன்னபடியே செய்தேன். மூன்றாம் முறை இருமியது, கறுப்புப் புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. சுபஹு பாங்கு சொல்லும்போது மருமகள் பிறந்துவிட்டாள்.

அவர் சொன்னது இதுதான். சோக்கை முழுவதும் உள்ளே தள்ளிவிடுங்கள். சாவியை மூடிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காருங்கள். பிறகு எக்ஸிலேட்டரை அடிமட்டம் வரை ஒரே மிதியாக மிதித்து அப்படியே பிடித்திருங்கள். விட்டு விட்டு மிதித்தால் அந்தப் பம்பு மறுபடியும் பீச்சும். முழுதாக அமத்திப் பிடித்தால் காற்றுவழி அகலத் திறந்து, வரும் காற்று உள்ளே நிற்கிற பெற்றோலை வாரிக்கொண்டு போகும். அப்படியே பிடித்தபடி சாவியைத் திருப்புங்கள். பத்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம், ஸ்டாட்டர் மோட்டார் சூடாகிவிடும். அரை நிமிடம் ஆறவிட்டு மீண்டும் பாருங்கள். பிடித்தவுடன் காலை மெல்ல எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் அலறும்.

அப்படியும் பற்றாவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவைக்க வேண்டும். நம் ஊரில் சிலர் அவற்றைக் குசினிக்குக் கொண்டு போய் அடுப்பில் வாட்டுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உலர்ந்த துணியும் வெயிலும் போதும். பொனட் திறந்திருக்கும்போது சிகரெட், மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

மண்ணெண்ணெய் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1990இல் தொடங்கிய தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் அது எளிதில் ஆவியாகாது, பிளக்கை நனைத்துவிட்டுச் சும்மா இருக்கும். அதனால் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டாட் செய்து, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள்.

அடிக்கடி இப்படியானால் பிழை உங்கள் காலில் மட்டுமல்ல. காபரேட்டரின் மிதவை ஓட்டையாகியிருக்கலாம், ஊசி வால்வு தேய்ந்திருக்கலாம், எயார் ஃபில்டர் அடைத்திருக்கலாம். வாவியோரத்தில் இருக்கிற நமக்கு இன்னொன்றும் உண்டு. மாரி காலத்து ஈரம் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் படிந்து தீப்பொறியைப் பலவீனமாக்கும். எரியாத பெற்றோல் உள்ளே சேரும். மூடியைக் கழற்றி உள்ளே துடைத்துவிட்டாலே சில கார்கள் பேசாமல் பற்றிக்கொள்ளும்.

காபரேட்டர் இல்லாத புதிய கார்களிலும் பலவற்றில் இதே வித்தை பலிக்கும். எக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி சாவியைத் திருப்பினால், உள்ளே இருக்கிற கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்திவிடும். ஹைபிரிட் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

வெள்ளம் ஏறிய எஞ்சினோடு மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வந்த வெள்ளங்களை மறந்திருக்கமாட்டீர்கள். பெற்றோல் பிளக்கைத்தான் நனைக்கும். சிலிண்டருக்குள் நிறைந்த தண்ணீரோ அமுங்கிக் கொடுக்காது, சுற்றினால் உள்ளே இருக்கிற கம்பி வளைந்துவிடும். தண்ணீர் போனதென்று சந்தேகம் வந்தாலே சாவியைத் தொடாமல் கராஜுக்கு இழுத்துச் செல்லுங்கள்.

சகோதரிக்கு இன்னொரு வேலை. பல நாட்களாக நனைந்த எஞ்சினில் பெற்றோல் கீழே வழிந்து ஒயிலில் கலந்திருக்கும். ஒயில் அளவுகோலை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தாலோ, ஒயில் மட்டம் ஏறியிருந்தாலோ ஒயிலை மாற்றிவிடுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு முன்தினம் அஸருக்குப் பிறகு இதைப் பார்த்துக்கொண்டால் வசதி.