பிள்ளையின் செபமும் பாட்டியின் நோயும்

“நான் ஒழுங்காகச் செபிக்காததால்தான் பாட்டிக்கு இன்னும் குணமாகவில்லையா?” நோயாளியின் படுக்கையருகே நிற்கும் சிறு பிள்ளைகள் இவ்வாறு கேட்பதுண்டு. சிலர் வாய்விட்டுக் கேளாமல் உள்ளத்தில் வைத்து வாடுவர். தன்னைச் சுற்றி நிகழும் துன்பத்துக்குத் தானே காரணம் என எண்ணிக்கொள்வது சிறு வயதின் இயல்பு. ஆகவே, கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டில் எவ்வாறு செபம் கற்பிக்கின்றன என்பது மருத்துவமனைக்கும் தொடர்புடைய செய்தியே.

பிள்ளைகளுக்குச் செபம் கற்பிப்பது தமிழ்க் கிறிஸ்தவர்களின் நெடுங்கால மரபு. 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், அடிப்படைச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, அவற்றை மனப்பாடமாகக் கற்பித்தார். கற்றதைப் பெற்றோருக்கும் அயலாருக்கும் சொல்லித்தரப் பணித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கத் தமிழ் நூலும் செபங்களையும் மறையுண்மைகளையும் கற்பிக்க எழுந்ததே.

நோயுற்றோர் வீடுகளுக்கெல்லாம் தாமே செல்ல இயலாதபோது, சவேரியார் பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் செய்தனர். விசுவசித்தால் நோயாளி நலம் பெறுவார் என உறுதி கூறவும் அவர்கள் பணிக்கப்பட்டனர். 1544ஆம் ஆண்டு சனவரியில் அவர் எழுதிய மடல் இதனைத் தெரிவிக்கிறது.

இம்மரபின் முற்பகுதியை நாம் போற்றிக் காக்கலாம். பிற்பகுதியான அவ்வுறுதிமொழியை இன்று ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றலாகாது என்பதே என் கருத்து. “நன்றாகச் செபி, அப்பா எழுந்துவிடுவார்” என நாம் அன்பினால்தான் சொல்கிறோம். அப்பா எழாவிடில், பிள்ளை ஒன்று தன்னைக் குற்றவாளியாக்கும், அல்லது கடவுளை வெறுக்கும். இரண்டும் ஆறாத புண்களே.

திருநூல் அவ்வாறு கற்பிக்கவில்லை. பார்வையற்றுப் பிறந்தவரின் நிலைக்கு அவரோ அவருடைய பெற்றோரோ செய்த பாவம் காரணமன்று என இயேசு விளக்கியதை யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரம் கூறுகிறது. துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று கெத்சமனியில் இயேசுவே மன்றாடினார், அது அகலவில்லை. அதனால் அவருடைய செபம் குறையுள்ளதாகிவிடுமா? சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரமோ, நோயுற்றவர் செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்கிறது. இம்மூன்று பகுதிகளையும், வீட்டில் யாரும் நோயுறாத நாள்களிலேயே பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவைப்பது நன்று.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்கலாம். நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை பறிக்க விடியுமுன்னே தோட்டம் செல்லும் குடும்பங்களுக்குக் காலைச் செபம் எளிதன்று. இரவு உணவுக்குப்பின் ஐந்து நிமிடம் போதும். பூத்தொடுக்கும் பாட்டியின் அருகே அமர்ந்தும் கர்த்தர் கற்பித்த செபத்தைக் கற்கலாம். தவறினால் முழந்தாளில் நிறுத்த வேண்டாம். தண்டனையாகக் கற்ற செபம் துயர நாளில் துணைவராது. மனப்பாடச் செபம் முடிந்ததும், அன்று நன்றி சொல்ல விரும்புவதையும், அஞ்சுவதையும் பிள்ளை தன் சொற்களிலேயே கடவுளிடம் கூறட்டும். மருத்துவரையும் செவிலியரையும் அடுத்த படுக்கை நோயாளியையும் நினைந்து செபிக்கப் பழகட்டும்.

இவ்வாறு வளரும் பிள்ளை தொடக்கத்தில் கண்ட கேள்வியைக் கேட்டால், நாம் தயங்காமல் மறுமொழி கூறலாம்: “கண்ணே, உன் செபத்தில் குறையில்லை. பாட்டியின் உடல் நோயுற்றிருக்கிறது, மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பாட்டி தனியாக இல்லை என்று சொல்லத்தான் நாம் செபிக்கிறோம். வா, அவர் கையைப் பிடித்துக்கொள்.”