ரோட்டை உசத்தினது யாரு? குழியைத் தோண்டறது யாரு?



இது நாத்தம் பிடிச்ச விஷயத்தைப் பத்தின பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க. ஆனா படிக்காம தள்ளியும் விட்டுடாதீங்க. உங்க வீட்டு லேட்ரின்ல இருந்து செப்டிக் டேங்க் வரைக்கும் போற நாலு அங்குலக் குழாயைப் பத்தித்தான் பேசப்போறோம்.

கொல்லிமலையில நல்ல மழை பெய்ஞ்சு சுவேத நதியில தண்ணி வந்தா ஊரே சந்தோஷப்படுது. அதே மழை ராத்திரியில எத்தனை வீட்டுல கோப்பையில ஊத்தின தண்ணி உள்ள போகாம எதிர்த்து மேல வருது? வயசானவங்க, கர்ப்பிணிப் பொண்ணு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைன்னு எல்லாரும் அந்த ஒரு கோப்பையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. காலையில யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அது உங்க வீட்டுப் பிரச்சனைங்க. நீங்கதான் பார்த்துக்கணும்."

இந்தப் பதில் பொய் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

எப்படின்னு கேளுங்க. நம்ம ஊர் மாதிரியான பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றில் பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு டேங்க். அதுல தேங்கி மேல நிக்கிற தண்ணி ஒரு குழாய் வழியா வெளியே போகணும். முறைப்படி அது உறிஞ்சு குழிக்குத்தான் போகணும். ஆனா இடம் இல்லாத வீட்டுல தெருச் சாக்கடைக்குத்தான் போகுது. இதை ஒளிச்சுப் பேச வேண்டாம், எங்க கட்சிக்காரங்க வீட்டுலயும் அப்படித்தான் இருக்கு. வீடு கட்டினப்போ தெரு தாழ்வா இருந்தது, வீடு மேட்டுல இருந்தது, தண்ணி தானா இறங்கிப் போச்சு. அப்புறம் தார் ரோடு போட்டாங்க. அதுக்கு மேல இன்னொரு தார். அதுக்கும் மேல சிமென்ட் ரோடு. ரோடு உயர உயர சாக்கடையும் உயர்ந்தது. உங்க வீடு மட்டும் அதே இடத்துல இருக்கு. இப்போ உங்க வாசல்தான் பள்ளம்.

டேங்க்ல இருந்து வெளியே போற குழாயோட வாய், சாக்கடை மட்டத்துக்குக் கீழே போயிடுச்சு. மழை பெய்ஞ்சு சாக்கடை நிறைஞ்சா தண்ணி திரும்பி டேங்க்குக்கு வருது. வாசல்ல தேங்கின மழைத்தண்ணியும் மூடி இடுக்கு வழியா உள்ள இறங்குது. டேங்க் நிறைஞ்சு, லேட்ரின் குழாய் வந்து சேர்ற வாயும் முங்குது. அப்புறம் நீங்க எத்தனை பக்கெட் ஊத்தினாலும் எங்கங்க போகும்?

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டு, அதே மட்டத்துலதான் புது ரோடு போடணும்னு 2021-ல தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். உத்தரவு காகிதத்துல இருக்கு. உங்க தெருவுல ரோடு எப்படிப் போட்டாங்கன்னு உங்க வாசற்படியை எண்ணிப் பாருங்க. முன்னாடி மூணு படி ஏறி வீட்டுக்குள்ள போனீங்க. இப்போ எத்தனை? சில வீட்டுல இறங்கித்தான் போகணும்.

அப்போ குழாய் வேலை செய்யாம போனது யாரால? செலவு யார் தலையில?

சரி, ரோடு மட்டும்தானா? குடிதண்ணி பைப் போட ஜேசிபி வருது. மண்ணுக்குள்ள யாரு வீட்டுக் குழாய் எங்க ஓடுதுன்னு வரைபடம் யார்கிட்டயும் இல்லை. வாளி ஒரு இழுப்பு இழுக்குது, பிவிசி பைப் ரெண்டாப் போகுது. மேல மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிடறாங்க. மூணு மாசம் கழிச்சு சுவர் ஓரம் ஈரம் கட்டும்போதுதான் உங்களுக்குத் தெரியுது.

இது வெறும் நாத்தத்தோட போறதில்லை. குடிதண்ணி நமக்கு இருபத்துநாலு மணி நேரமும் வர்றதில்லை. விடற நேரத்துல குழாய்க்குள்ள அழுத்தம் இருக்கும். நிறுத்தின பிறகு அழுத்தம் இறங்கிடும், சில இடத்துல உள்ள வெற்றிடமே உண்டாகும். அப்போ குடிதண்ணிக் குழாயில ஒரு ஓட்டையும், பக்கத்துலயே உடைஞ்ச லேட்ரின் குழாயும் இருந்தா, வெளியில இருக்கிற கழிவு உள்ள உறிஞ்சப்படும். மறுநாள் காலையில முதல் குடம் பிடிக்கிற வீட்டுக்குத்தான் அது. மஞ்சக்காமாலை, வாந்தி பேதி எல்லாம் இப்படியும்தான் வருது. ஒருத்தர் வீட்டுக் குழாய் உடைஞ்சா தெருவே குடிக்குது. இதையா "உங்க வீட்டுப் பிரச்சனை"ன்னு சொல்றது?

அதுக்காக நம்ம பக்கத்து வேலையை நாம செய்ய வேண்டாமா? செய்யணும். பணம் செலவழிக்கிறதுக்கு முன்னாடி அடைப்பு எங்க இருக்குன்னு நீங்களே பார்க்கலாம். சேம்பர் மூடியைத் திறந்து வெச்சுட்டு, உள்ள ஒருத்தரை ஒரு பக்கெட் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. சேம்பர் காஞ்சு கிடந்து, கோப்பையில தண்ணி நின்னா, அடைப்பு கோப்பைக்கும் சேம்பருக்கும் நடுவுல. சேம்பரே ததும்பி நின்னா, அதுக்கு அந்தப் பக்கம் அடைப்பு, இல்லைன்னா டேங்க் நிறைஞ்சிருக்கு. கசிவு சந்தேகம்னா துணிக்குப் போடற நீலத்தைக் கரைச்சு ஊத்துங்க. சுவர் ஓரத்துலயோ, கிணத்துலயோ நீலம் தெரிஞ்சா குழாய் உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். பழைய வீட்டுல மண் குழாய் போட்டிருப்பாங்க. அதுல ஜாயின்ட் ஒவ்வொண்ணும் வேப்ப மர வேருக்கு வாசல் மாதிரி. அதை ஒட்டுப் போட்டு ஓட்டாதீங்க, முழுசா மாத்துங்க. மாத்தும்போது நாற்பது அடிக்கு ஒரு அடி, அதாவது இருபது அடிக்கு அரை அடி சரிவு இருக்கான்னு மட்டம் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. மூலையில ஒரே எல்போவா வளைக்காம ரெண்டு சாய்வு பென்ட் போடச் சொல்லுங்க. வளைவுக்கு ஒரு சேம்பர் கட்டாயம். கொத்தனார் "அதெல்லாம் வேண்டாங்க"ன்னு சொல்வார். விடாதீங்க. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து ஊத்தற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க, அதுல வர்றது விஷவாயு.

இது வரைக்கும் நீங்க பார்க்கலாம். டேங்க் மூடிக்கு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது.

இங்கதான் நாம எல்லாரும் தலை குனிய வேண்டிய விஷயம் வருது. அடைப்பு எடுபடலைன்னா அடுத்து என்ன செய்யறோம்? "ஆள்" கூப்பிடறோம். எந்தத் தெருவுக்குப் போய், எந்தச் சாதிக்காரரைக் கூப்பிடறோம்னு உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒரு குவார்ட்டரும் கொஞ்சம் ரூபாயும் கொடுத்து, ஒரு மனுஷனைக் குழிக்குள்ள இறக்கறோம். டேங்க்குக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு அதிகமானா மூக்கு மரத்துப்போய் அந்த நாத்தமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்"னு இறங்கறவர் ரெண்டு மூச்சுல விழுந்துடுவார். அவரைத் தூக்க இறங்கினவரும் விழுவார். புதுசா கட்டின டேங்க்குல சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கினவங்களே செத்திருக்காங்க. 1993-ல இருந்து கணக்கெடுத்தா சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் செத்தவங்க எண்ணிக்கையில இந்தியாவிலேயே முன்னணியில இருக்கிற மாநிலம் தமிழ்நாடு. இருநூறைத் தாண்டிப்போச்சு. சமூகநீதி பேசற மண்ணுல!

2013-ம் ஆண்டு சட்டம் தெளிவா சொல்லுது: பாதுகாப்பில்லாம யாரையும் சாக்கடைக்குள்ளயோ செப்டிக் டேங்க்குக்குள்ளயோ நேரடியாகவோ மறைமுகமாகவோ இறக்கக்கூடாது. முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா 2 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஜாமீன் கிடைக்காத பிரிவு. கான்ட்ராக்டருக்கு மட்டும்தானேன்னு நினைக்காதீங்க, ஆள் கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் உண்டு. செத்தவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2014-ல 10 லட்சம்னு சொன்னது, 2023 அக்டோபர்ல 30 லட்சமா உயர்த்தினது. முப்பது லட்சம் கொடுக்கத் தயாரா இருக்கிற அரசாங்கம், அந்தச் சாவே நடக்காம இருக்க ஊருக்கு ஊர் இயந்திரம் வாங்க மட்டும் ஏன் யோசிக்குது?

"லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகுதே"ன்னு சிலர் சொல்வீங்க. சரி. அந்த லாரி எங்க போய்க் கொட்டுது? இதுக்குப் பதில் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கீழே எழுதுங்க. லாரிக்கு உள்ளாட்சி அமைப்புகிட்ட உரிமம் வேணும், சுத்திகரிப்பு நிலையத்துலதான் கொட்டணும்னு விதி இருக்கு. நிலையம் எத்தனை தூரத்துல இருக்கோ, அத்தனை டீசல். தூரம் கூடக் கூட, ராத்திரி பத்து மணிக்கு மேல ஓடை ஓரமா நிறுத்தற ஆசையும் கூடும். இது டிரைவரோட குணம் மட்டும் இல்லை, பக்கத்துல நிலையம் கட்டாதவங்களோட குணமும்தான்.

முடியாத காரியமா? செங்கல்பட்டு மாவட்டத்துல கருங்குழின்னு ஒரு பேரூராட்சி. நம்ம மாதிரி ஊர்தான். செப்டிக் டேங்க் கழிவுக்குன்னே தனியா ஒரு சுத்திகரிப்பு நிலையம் 2017-லயே அங்க வந்துடுச்சு. பக்கத்து மதுராந்தகத்துக் கழிவும் அங்கதான் போகுது. மாநகராட்சி ஆகணும்னு அவங்க காத்திருக்கலை. ஒன்றிய அரசோட தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டம் 2.0, 2021 அக்டோபர்ல வந்தது. ஒரு லட்சத்துக்குக் குறைவா மக்கள் இருக்கிற ஊர்களோட கழிவுநீருக்குன்னே அதுல ஒரு பகுதி இருக்கு. கேட்டு வாங்க வேண்டியவங்க கேட்டாங்களா? கேட்டாங்கன்னா அந்தக் கடிதத்தைக் காட்டட்டும்.

இதுல ஒரு வேடிக்கை. கழிப்பறை கட்டினதைப் படம் எடுத்து விளம்பரம் பண்ணாங்க. கிராமத்துல வீட்டுக்கு 12,000 ரூபாய் மானியம். சுவரு, கோப்பை, கதவு, கதவுல பெயிண்ட். குழாய்க்கு? டேங்க்குக்கு? ரெண்டு வருஷம் கழிச்சு உறிஞ்சி எடுக்கிறதுக்கு? விளம்பரம் கதவோட நின்னுபோச்சு.

வரி மட்டும் நிக்கலை. 2022 ஏப்ரல்ல சொத்துவரியை ஏத்தினப்போ 600 சதுர அடிக்குள்ள இருக்கிற வீட்டைக்கூட விடலை, அதுக்கும் 25 சதவீதம். பெரிய வீட்டுக்கு 100 சதவீதம். மரச்சிற்பப் பட்டறையில உளி பிடிச்சு நாள் கூலி வாங்கறவரும் கட்டறார், பாக்குத் தோப்பு வெச்சிருக்கிறவரும் கட்டறார். புவிசார் குறியீடு வாங்கின ஊருன்னு மேடையில பெருமை பேசறாங்களே, அந்தச் சிற்பியோட வீட்டு லேட்ரின் மழைக்கு நிறைஞ்சு நிக்கிறது எந்தக் குறியீட்டுல வரும்?

நாங்க பாதாள சாக்கடை கேட்கலை. அதைச் சொல்லிச் சொல்லியே அடுத்த தேர்தல் வரைக்கும் இழுப்பாங்க. சேலம் மாநகரத்துலயே அந்த வேலை எத்தனை வருஷம் இழுத்தது, எத்தனை தெருவைத் தோண்டிப் போட்டாங்கன்னு பஸ்ல போனவங்களுக்கெல்லாம் தெரியும். நாங்க கேட்கிறது ரொம்பச் சின்னது. ரோடு போடறதுக்கும் பைப் தோண்டறதுக்கும் முன்னாடி வீட்டுக்கு வீடு வந்து குழாய் எங்க ஓடுது, டேங்க் எங்க இருக்குன்னு குறிச்சுட்டுப் போங்க. நீங்க உடைச்சதை நீங்களே மாத்திக் கொடுங்க. ரோட்டைச் சுரண்டிட்டுப் போடுங்க. குப்பை வண்டிக்கு வாரம் குறிச்ச மாதிரி, டேங்க் உறிஞ்சற வண்டிக்கும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை தெருவாரியா முறை வையுங்க, கட்டணத்தை வரியோட சேர்த்துத் தவணையா வாங்குங்க. ஏழை வீட்டுக்குக் குழாய் மாத்த மானியம் கொடுங்க. குழிக்குள்ள இதுவரைக்கும் இறங்கின தொழிலாளர்களுக்கே அந்த வண்டியோட சாவியைக் கொடுங்க, ஓட்டுனரா, உரிமையாளரா.

2022 பிப்ரவரி 19-ம் தேதி நாம ஓட்டுப் போட்டு அனுப்பினவங்களுக்கு இந்தக் கேள்விகளை மனுவாக் கொடுக்கப் போறோம். மனுவுக்கு விவரம் வேணும். அதனால கமெண்ட்ல மூணே விஷயம் எழுதுங்க: உங்க தெரு, வாசல்ல எத்தனை படி மறைஞ்சது, டேங்க் கடைசியா எடுத்தது எந்த வருஷம். பேர் போட வேண்டாம். யாராவது எங்கயாவது மனுஷனை டேங்க்குக்குள்ள இறக்கறதைப் பார்த்தா கமெண்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, 14420-க்கு உடனே போன் போடுங்க. அது உங்க சொந்தக்காரர் வீடா இருந்தாலும்.

#தம்மம்பட்டி #குழிக்குள்_மனிதன்_வேண்டாம்