சிறைக்குச் செல்ல வேண்டிய வக்கீல்

செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவன் 60 நாட்களுக்குள் ஹைக்கோர்ட்டில் அப்பீல் செய்துகொள்ளலாம் என்பதையும், தீர்ப்பின் நகல் இலவசமாகவே அவன் கைக்கு வந்துசேர வேண்டும் என்பதையும், சிறையிலிருக்கும் அவன் சிறை அதிகாரியிடம் கொடுக்கும் மனுவே அப்பீல் மனுவாக ஏற்கப்படும் என்பதையும் நமது சட்டம் சந்தேகத்துக்கு இடமின்றி விதித்திருக்கிறது. ஆயினும் அப்பீல் என்பது கருணை மனு அன்று. முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டின் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, கண்ணால் கண்டவரின் சாட்சியமும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் ஒத்துப்போகின்றனவா, ஆயுதத்தைக் கைப்பற்றிய மகஜரில் கையொப்பமிட்டவர் கூண்டிலேறி என்ன சொன்னார் என்றெல்லாம், கட்டுக்கட்டான காகிதங்களை வரிவரியாகப் பரிசீலித்து எழுப்பப்படும் வாதம் அது. எழுத்து வாசனையற்ற ஒரு கூலித் தொழிலாளி, சக கைதியைக் கொண்டு எழுதுவிக்கும் இரண்டு பக்க மனு அந்த வாதத்துக்கு ஈடாகாது.

தேர்ந்த வக்கீல் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு நன்கறியும். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-இல் தண்டிக்கப்பட்ட திரைப்பட நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும், சென்னை ஹைக்கோர்ட்டில் முதல் அப்பீல் தள்ளுபடியான பின்னரும் சளைக்காமல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, அதன் உத்தரவினால் அப்பீல் மறுபடியும் விசாரணைக்கு வர, வக்கீல் எத்திராஜ் வாதாடி, 1947-இல் விடுதலை பெற்றனர். செல்வமும் கீர்த்தியும் இல்லாத ஒருவனுக்கு முதல் தள்ளுபடியே முடிவாகியிருக்கும்.

அந்தப் பேதத்தை நீக்கவே 1976-இல் இலவச சட்ட உதவி அரசியல் சாசனத்தில் இடம்பெற்றது. 1978-இல் ஹோஸ்காட் வழக்கில், சிறையிலுள்ளவனின் அப்பீலுக்கு வக்கீல் அமர்த்துவது அரசின் கடமையென்று உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். ஆயுளோ மரணமோ விதிக்கப்படக்கூடிய வழக்குகளில் சட்ட உதவி வக்கீலுக்குப் பத்தாண்டு அனுபவமும், தயாரித்துக்கொள்ளக் குறைந்தது ஏழு நாள் அவகாசமும் வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவனைச் சந்தித்துப் பேச வக்கீலை அனுமதிக்கலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

அனுமதி போதாது, சந்திப்பு கட்டாயமாக வேண்டும் என்பதே நமது திடமான அபிப்பிராயம். புழலிலோ பாளையங்கோட்டையிலோ அடைபட்டிருப்பவனை ஒருமுறையேனும் காணாமல், காகிதத்தை மட்டும் நம்பி அவன் சார்பில் வாதாடுகிறவர், சம்பவ தினத்தன்று அவன் எங்கே இருந்தான், எந்தச் சாட்சி அழைக்கப்படாமலே விடப்பட்டார் என்பதை எவ்வாறு அறிவார்? குற்றவாளியெனத் தீர்மானிக்கப்பட்டவனுக்காகப் பொதுப் பணத்தைச் செலவிடுவதா என்று கேட்பார் உண்டு. தவறானவன் தண்டிக்கப்பட்டால் கொலைகாரன் வெளியே திரிகிறான். மாண்டவரின் குடும்பத்துக்கும் நீதி கிட்டவில்லை. அச்செலவு அவர்களுக்காகவும்தான்.

ஆகவே தண்டனை அறிவிக்கப்பட்ட அன்றே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் போக வேண்டும். கைதி கேட்கும்வரை காத்திராமல், கெடு முடிவதற்குள் வக்கீல் சிறைக்குச் சென்று அவனை நேரில் விசாரித்திருக்க வேண்டும். அந்தச் சந்திப்பின் தேதி அப்பீல் மனுவிலேயே குறிக்கப்பட வேண்டும். அப்பீலை விரைவில் கேட்க இயலாத நீதிமன்றம் சாதாரணமாக ஜாமீன் வழங்க வேண்டும் என்று 1977-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவையும் அவர் கூடவே தாக்கல் செய்யட்டும். இவ்வளவையும் செய்யும் வக்கீலுக்குப் பிரயாணச் செலவையும் கௌரவமான ஊதியத்தையும் அளிப்பதற்கான தொகையை மாநில அரசு வரும் பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும்.