குளத்து மீன் குளத்தோடு இருக்கட்டும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், கோலசிலாங்கூர் வட்டாரப் பிள்ளைகள் பலர் தந்தையருடன் கட்டணத் தூண்டில் குளங்களுக்குச் செல்கின்றனர். தூண்டில் போடுதல் பொறுமையைக் கற்பிக்கும் நல்ல பொழுதுபோக்கு; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அக்குளத்தில் விடப்படும் மீன் எங்கிருந்து வந்தது, தப்பினால் எங்கே போய்ச் சேரும் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லித் தருகிறோமா?

குளங்களில் வளரும் சிவப்புத் திலாப்பியா ஒரு கலப்பினம். கெலி எனப்படும் கெளுத்தியில் பெரும்பகுதி ஆப்பிரிக்க இனம் அல்லது அதன் கலப்பு. இவை விரைந்து வளரும், நெருக்கத்தையும் தாங்கும். குளம் வைத்திருப்போர் இவற்றை விரும்புவதில் வியப்பில்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1960களில் இரண்டு வகை பாஸ் மீன்களைக் கலந்து புதிய இனத்தை உருவாக்கியதும் இத்தகைய பயன் கருதியே.

கலப்பினம் என்றால் மலடு என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அந்த அமெரிக்கக் கலப்பினம் தன் மூல இனங்களோடு கூடி இனம் பெருக்க வல்லது. நம் சிவப்புத் திலாப்பியாவோ தானாகவே பெருகிவிடும். கனமழையில் கரை உடைந்தால், தோட்டத்துக் கால்வாய் வழியே மீன்கள் சிலாங்கூர் ஆற்றை அடையும். ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றையும் சுவாசிப்பதால், ஈரத்தரையில்கூட நகர்ந்து செல்லும்.

சப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942–1945) உணவுக்காக மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, இன்று நம் கால்வாய்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது. இந்தியா 2000ஆம் ஆண்டிலேயே ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்குத் தடை விதித்தது. நம் நாட்டில் உயிர்மீனை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும் என்கிறது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம். ஆனால், சட்டம் துறைமுகத்தில் நிற்கும். பிள்ளையின் கையிலுள்ள வாளிவரை வராது. அங்கே நாம்தான் நிற்க வேண்டும்.

பிடித்த மீனையோ தொட்டியில் வளர்த்த மீனையோ ஆற்றில் விடுவது புண்ணியம் என்பர் சில பெற்றோர். அவர்களின் இரக்கத்தை மதிக்கிறேன். ஆயினும், இங்குக் காப்பாற்றப்படும் ஓர் உயிர், அங்கே பல மீன்களின் குஞ்சுகளையும் இரையையும் தின்று தீர்க்கும்.

அறிவியல் பாடத்தில் உணவுச் சங்கிலியைக் கற்பிக்கும்போது, சிங்கத்தையும் மானையும் சற்று ஒதுக்கி வைப்போம். நம் செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் வாழும் விராலையும் பனையேறிக் கெண்டையையும் எடுத்துக்காட்டுவோம். அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் அப்போதே சொல்லிக் கொடுப்போம். மீன் மறைந்தால் பெயரும் நம் பிள்ளைகளின் நாவிலிருந்து மறைந்துவிடும்.

குளம் வைத்திருக்கும் பெற்றோர் நீர் வெளியேறும் வாயில் நெருக்கமான வலை கட்டுங்கள். தூண்டில் போடச் செல்லும் பெற்றோர், பிடித்ததைச் சமைத்து உண்ணுங்கள். இல்லையேல் அதே குளத்தில் விடுங்கள். ஆற்றிலும் கால்வாயிலும் மட்டும் வேண்டாம்.