அடைக்கலமாகப் பிறந்த சாயர்புரம்... இன்று திருமண்டலத் தேர்தல் கோர்ட் படியேறுவது ஏன்?

தூத்துக்குடியிலிருந்து ஏரல் போகும் வழியில் இருக்கும் சாயர்புரத்தை, பலருக்கும் ஜி.யு.போப் பெயரால்தான் தெரியும். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே போப் 1842-ல் இங்கு வந்து கல்விப் பணியைத் தொடங்கினார். அவர் பெயரில் இன்றும் ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது.

ஆனால் ஊரின் கதை போப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் இருந்த வணிகர் சாமுவேல் சாயர், 1814 வாக்கில் நிலம் வாங்கி, கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்களைக் குடியேற்றினார். அவர் பெயரே ஊருக்கு நிலைத்தது.

எதற்கு நிலம்?

மதம் மாறியவர்களுக்கு அன்றைய ஊர்களில் இருந்த முதல் சிக்கல் சாமி பற்றியது அல்ல, வீடும் பிழைப்பும்தான். நிலமும் அதிகாரமும் வேறு கைகளில் இருந்ததால், எதிர்ப்பு கிளம்பினால் ஊரைவிட்டே வெளியேற வேண்டிய நிலை. அப்படி வந்தவர்களுக்காக 1799-ல் சாத்தான்குளம் பக்கம் முதலூர் உருவானது. பெயரே சொல்வதுபோல, அதுதான் இந்த வகையில் முதல் ஊர். 1830-ல் பாளையங்கோட்டையில் ரேனியஸ் தர்ம சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். இப்படி நெருக்கடியில் இருந்தவர்களுக்கு இடம் வாங்கித் தருவதுதான் அதன் முக்கிய வேலை.

அதாவது, இந்தப் பகுதியில் திருச்சபை வாழ்க்கையும் சமூக நீதியும் தனித்தனியாகப் பிறக்கவில்லை. கோயில் கட்டுவதும் குடியிருக்க இடம் தருவதும் ஒரே காரியமாக இருந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசன விருந்து, வீட்டில் சமைக்கும்போது ஒதுக்கி வைக்கும் பிடியரிசி போன்ற பழக்கங்களிலும் அந்தப் பொதுச்சொத்து உணர்வு தெரியும்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்த அடைக்கல ஊர்களால் பெரிதும் முன்னேறியது ஒரு குறிப்பிட்ட சமுதாயம். தமிழகத் திருச்சபைகளில் தலித் கிறிஸ்தவர்களின் அனுபவம் வேறு. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் கத்தோலிக்கப் பங்கில் சாதிப் பாகுபாடு இருப்பதாக அம்மக்கள் தொடர்ந்த வழக்கில், 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. பொதுப்பந்தியில் ஒன்றாக உட்காருவது எளிது. கல்லறையிலும் திருவிழாவிலும் அதே சமத்துவம் வருகிறதா என்பதுதான் கஷ்டமான கேள்வி.

அப்போ இன்றைய பிரச்னை என்ன?

சாயர்புரம் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்தில் வருகிறது. 2003-ல் திருநெல்வேலி திருமண்டலத்திலிருந்து பிரிந்தது இது. இங்கே சபை மக்கள் ஓட்டுப் போட்டு சேகரக் கமிட்டியையும் திருமண்டலப் பெருமன்றத்துக்கான பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கிருந்து லே செயலர், பொருளாளர், செயற்குழு என்று அதிகாரம் மேலே போகிறது. ஆயர் மட்டுமே முடிவெடுக்கும் அமைப்பு அல்ல இது. சாதாரண விசுவாசிக்கும் குரல் உண்டு, அது பெருமைதான்.

ஆனால் தேர்தல் நேரத்தில் அணி, போஸ்டர், பிரசாரம் என்று உள்ளாட்சித் தேர்தலை மிஞ்சும் பரபரப்பு. ஒரு சபைத் தேர்தலுக்கு ஏன் இவ்வளவு போட்டி?

பதில் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. மிஷனரி காலத்தில் தொடங்கிய பள்ளிகளும் கல்லூரிகளும் திருமண்டலத்தின் கையில் உள்ளன. அரசு உதவி பெறும் பணியிடத்துக்குச் சம்பளம் அரசு தருகிறது, ஆளைத் தேர்வு செய்வது நிர்வாகம். ஆக, யார் நிர்வாகத்துக்கு வருகிறார்களோ அவர்கள் கையில் வேலைவாய்ப்பு. பணி நியமனத்துக்குப் பணம் கைமாறுகிறது என்ற புகார் திருச்சபைக் கல்வி நிறுவனங்கள் மீது நீண்ட காலமாகவே உண்டு. தோற்ற அணி கோர்ட்டுக்குப் போகிறது, வழக்கு வருடக்கணக்கில் நீள்கிறது. சமீப ஆண்டுகளில் இந்தத் திருமண்டலத்தை உயர் நீதிமன்றம் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நிர்வகிக்கும் நிலையே வந்தது.

இதில் அடிபடுவது யார்? தலைவர்கள் அல்ல. பி.எட் முடித்துவிட்டு, காசும் இல்லாமல் அணியும் இல்லாமல் காத்திருக்கும் சேகரத்துப் பிள்ளைகள்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆதரவில்லாதவர்களுக்கு நிலம் வாங்கித் தந்த திருச்சபையில், இன்று ஆதரவில்லாதவர்கள் இவர்கள்.

அரசு தலையிடலாமா?

2024 அக்டோபரில், நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு கேள்வியை எழுப்பியது. கோயில்களுக்கு அறநிலையத் துறை, முஸ்லிம் அறக்கொடைகளுக்கு வக்ஃபு வாரியம் இருக்கும்போது, கிறிஸ்தவ நிறுவனச் சொத்துகளுக்கு ஏன் அப்படி ஒரு சட்ட அமைப்பு இல்லை என்பதே அது. இதில் மத்திய, மாநில அரசுகளின் கருத்தையும் கேட்டது.

திருச்சபைத் தரப்பின் அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு தருகிறது. அரசு வாரியம் வந்தால் அந்த உரிமை அரசியல்வாதிகள் கைக்குப் போய்விடும் என்கிறார்கள். ஆனால் அந்த உரிமை எல்லையற்றது அல்ல. மேற்கு வங்கத்தில் அரசு உதவி பெறும் மதரஸாக்களுக்கு ஆசிரியர்களைத் தனி ஆணையம் தேர்வு செய்யும் சட்டத்தை, 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. காலியிடப் பட்டியலை வெளியிடுவது, மதிப்பெண்ணையும் தேர்வு முறையையும் எல்லாச் சேகரங்களிலும் அறிவிப்பது, வெளியாட்களைத் தேர்வுக் குழுவில் வைப்பது... இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டாம். பெருமன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டாலே போதும். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டியவர்கள், நியமன அதிகாரத்துக்காகத் தேர்தலில் நின்றவர்களாகவே இருந்தால் என்ன செய்வது? அங்கேதான் சிக்கல் இறுகுகிறது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் சபை மக்கள் இதை நேருக்கு நேர் கேட்கலாம். ஓட்டு அவர்கள் கையில்தான் இருக்கிறது.