எழுத்தோடு சேர்த்துத்தான்

கோவில்பட்டியில் பூட்டிக் கிடக்கும் அச்சகம் ஒன்றில் ஒரு டிரெடில் மெஷின் விலைக்கு வந்திருக்கிறது. பத்துக்குப் பதினைந்து அங்குலம். காலால் மிதித்து ஓட்டியது. பின்னாளில் மோட்டார் மாட்டியிருக்கிறார்கள். பழைய இரும்புக்காரர் எடை போட்டுத் தருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் போதும் என்கிறார் உரிமையாளரின் மகன். மூன்று வாரமாக எனக்கு இதே யோசனை.

என் அப்பா ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். ஈரத்தாளின் மைவாசனை அவர் சட்டையில் இருக்கும். அந்த ஆசை மட்டும் இருந்தால் மெஷின் வாங்கிவிட முடியாது. நாற்பது வருடம் கம்பாசிட்டராக இருந்த அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. பெரிய சக்கரத்தைக் கையால் பிடித்து மெல்ல ஒரு முழுச்சுற்று சுற்றிவிட்டுக் காது கொடுத்தார். "சத்தம் வரலாம் தம்பி. தட்டக் கூடாது." பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் உடம்பெல்லாம் துடைத்தார். விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் அதில் ஊறி நின்று காட்டிக்கொடுத்துவிடும். வார்ப்பிரும்பில் விரிசல் என்றால் வெல்டிங்கை நம்ப முடியாது, அந்த மெஷினை விட்டுவிட வேண்டியதுதான். இதில் இல்லை.

அடுத்து, இரும்புச் சட்டத்தின் நான்கு மூலையிலும் ஒரே அளவில் நான்கு 'ம' எழுத்துகளை வைத்து முடுக்கி, ஒரு தாளில் அடித்தார். மூன்று 'ம' நன்றாகப் பதிந்தன. வலது கீழ்மூலை மட்டும் வெளிறியிருந்தது. பின்பக்கப் போல்ட்டைத் திருகினால் சரியாகிவிடுமாம். ரோலர்கள் மட்டும் காய்ந்து வெடித்திருந்தன. முன்பு வஜ்ஜிரமும் கிளிசரினும் காய்ச்சி ஊற்றிய ரோலர்கள்தான். சித்திரை வெயிலில் இளகிப்போகும் என்றார். இப்போது ரப்பரில் செய்துகொள்ளலாம்.

தாள் வைக்க வலது கை, எடுக்க இடது கை. இரண்டுக்கும் நடுவே இரும்புப் பலகை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். காவல் தகடு எதுவும் கிடையாது. அண்ணாச்சி தன் இடது சுண்டுவிரலைக் காட்டினார். நுனி இல்லை. இதை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த விரலைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆக, மெஷின் தேறிவிட்டது. அரை டன்னுக்கு மேல் கனம் என்பதால் மாடியில் வைக்க முடியாது. கீழே காங்கிரீட் தரை வேண்டும். அதற்கும் இடம் இருக்கிறது. என்னைத் தயங்க வைத்தது மெஷின் அல்ல, சுவரோரம் நின்ற மர ராக்.

அதில்தான் எழுத்துகள். கேஸ்கள் எனப்படும் எழுத்துத் தட்டுகளில் பாதி காலி. ஈயம் வாங்குகிறவர் ஒருவர் போன மாதமே வந்து, புத்தகம் கோக்கிற சின்ன எழுத்துகளை எடை போட்டுக் கொண்டுபோய்விட்டார். மீதியையும் கேட்டிருக்கிறாராம். தமிழுக்கு எழுத்து வார்ப்பது லேசான காரியம் இல்லை. கு, கூ தொடங்கி னு, னூ வரை உகர ஊகார வரிசைக்கு மட்டுமே 36 தனி எழுத்துகள் வேண்டும். இதில் ஒரு 'ளு' தீர்ந்துபோனால் அந்தப் பக்கம் அப்படியே நிற்கும்.

ஒரு கேஸைத் தூசி தட்டினேன். ஓர் அறையில் பழைய 'லை': முன்னால் கொம்பு நிற்காமல், தலைக்கு மேல் துதிக்கை சுழித்த எழுத்து. பக்கத்து அறைகளில் அதே மாதிரி 'ணை', 'னை'. பெரியார் தன் பத்திரிகையில் முன்பே நடைமுறைப்படுத்தியிருந்த சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றுக்கொண்டபோது இவை வழக்கொழிந்தன. சீர்திருத்தம் சரியானது, எழுதப் படிக்க எளிது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் என் அப்பா திருத்திய புரூஃபில் எல்லாம் இந்தத் துதிக்கை இருந்தது. இதை உருக்கி எடைக்கு விற்க மனம் வரவில்லை. பக்கத்து அறையில் ஈயம் வெள்ளையாகப் பூத்திருந்தது. வாயால் ஊதப் போன என்னை அண்ணாச்சி தடுத்தார். அந்தப் பொடி விஷம்.

எழுத்தே இல்லாமலும் இந்த மெஷினை ஓட்டலாம். கணினியில் வடிவமைத்து, பாலிமர் பிளேட் எடுத்து, எழுத்தின் உயரத்துக்குக் கட்டையில் ஒட்டி அடித்தால் அழகான அழைப்பிதழ் வரும். பலர் அப்படிச் செய்கிறார்கள், அது குறைந்த வேலை இல்லை. பில் புத்தகத்துக்கு எண் போடவும் அட்டை வெட்டவும் டிரெடில்கள் இன்றும் ஓடுகின்றன. எனக்கு வேண்டியது வேறு. ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பொறுக்கி எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் நிறுத்தும்போது, அந்தச் சொல் அங்கே வேண்டுமா என்று விரல் யோசிக்கும். முப்பது வருடம் எழுதிவிட்டேன். அந்த நிதானம் எனக்கு இனியாவது வேண்டும்.

அதனால் உரிமையாளரின் மகனிடம் சொன்னேன்: "எழுத்தோடு சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கிறேன். ஈயம் வாங்குகிறவர் என்ன தருவாரோ அதை நான் தர்றேன். இனி ஒரு கேஸ்கூட வெளியே போகக் கூடாது." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முன்பணத்தை வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி வாரம் இரண்டு நாள் வந்து கோக்கச் சொல்லித்தருவார். சம்பளம் பேசியாகிவிட்டது.

மெஷினை ஏற்றச் செயின் புல்லியும் லாரியும் அடுத்த ஞாயிறுதான் கிடைக்கும். கேஸ்களை அதுவரை அங்கே விட்டுவைக்க எனக்கு மனமில்லை. நாளைக் காலை கார் எடுத்துக்கொண்டு போகிறேன்.